பன்னிரண்டு காது இருந்தும் கேக்கலையா முருகா?

ஓம் சரவணபவ 🙏

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

வழக்கமா இங்க கோயில் வரலாறு, விரத முறை, திருப்புகழ் விளக்கம்னு படிப்பீங்க. இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். பல மாசமா எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்த கேள்வி இது.

முருகனைக் கேலி பண்ணலாமா?

ஒரு ஸ்டிக்கர் செய்த வேலை

போன தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஆபீஸ்ல ரிலீஸ் நேரம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்தும் வேலை முடியல. தூக்கமும் வரல. சும்மா டேப்லெட்டை எடுத்து ஒரு படம் வரைஞ்சேன். எங்க குன்றக்குடி சண்முகநாதர். ஆறு முகம், பன்னிரண்டு கை, மயில் மேல உக்காந்திருக்கார். ஒரு கையில வேல். மத்த பதினொரு கையிலயும் லேப்டாப், ஹெட்செட், சார்ஜர், காபி கப். கீழ ஒரு வரி: "பன்னிரண்டு கை இருந்தும் ஸ்பிரிண்ட் முடியலையே முருகா!"

அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கரா மாத்தி எங்க நண்பர்கள் குரூப்ல போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நாலு பேர் அவங்க ஆபீஸ் குரூப்ல போட்டாங்க. அதோட நான் மறந்துட்டேன்.

பத்து நாள் கழிச்சு கோட்டையூர்ல இருந்து பெரியப்பா போன் பண்ணார்.

"தம்பி, நீ வரைஞ்சதாமே. பாதயாத்திரை போறவங்களைப் பார்த்தா உங்களுக்கெல்லாம் இளக்காரமா இருக்காப்பா?"

எனக்கு ஒண்ணும் புரியல. அவர் படத்தை அனுப்பினார். நான் வரைஞ்ச அதே முருகன்தான். ஆனா நான் எழுதின வரியை யாரோ அழிச்சிருக்காங்க. கீழ, வெறுங்காலோட ரோட்டுல நடந்து போற நாலு வயசான அம்மாங்க போட்டோ. அதுக்கு மேல, "செருப்பு வாங்கக் காசில்ல, கேட்டா வேண்டுதலாம்"னு எழுதியிருந்தாங்க.

எங்க அப்பத்தா பழனிக்கு வெறுங்காலோட நடந்தவங்க. ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம். கால் வீங்கி, கொப்புளம் உடைஞ்சு, துணியைச் சுத்திக்கிட்டு நடந்த கால்.

"நான் இப்படி எழுதல பெரியப்பா"ன்னு சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும். உங்கப்பனும் முருகனைக் கேலி பண்ணுவான்டா. ஆனா அவன் முருகன்கிட்ட பண்ணுவான். நீ யார்கிட்ட பண்ணின?"

போனை வச்சுட்டார். நல்லா திட்டியிருந்தா கூட அன்னைக்கே மறந்திருப்பேன். இந்தக் கேள்வி போகல.

"நீங்க" இல்ல, "நீ"

முதல்ல ஒரு விஷயம் கவனிங்க. எங்க வீட்ல பெரியவங்களை "வாங்க, போங்க"ன்னுதான் கூப்பிடுவோம். ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட மரியாதையாத்தான் பேசுறோம். ஆனா சூரபத்மனை ஜெயிச்ச தேவசேனாபதியை எப்படிக் கூப்பிடுறோம்? "வா முருகா." "எங்கடா போன முருகா." "நீதான் பாத்துக்கணும்."

நம்ம மொழியில "நீ" ரெண்டு பேருக்குத்தான். நமக்குக் கீழ இருக்கறவங்களுக்கு, இல்லேன்னா நமக்கு ரொம்ப நெருக்கமானவங்களுக்கு. முருகன் கீழ இல்ல. அப்போ அவன் நெருக்கம். நெருக்கம் இருக்கற இடத்துல கேலி இருக்கும். மாமன் மச்சானைக் கேலி பண்ணாம எந்தத் தமிழ்க் கல்யாணம் நடந்திருக்கு?

இது நாம புதுசா கண்டுபிடிச்ச பழக்கமும் இல்ல. சிவபெருமானுக்குத் தோழர்னே பேர் வாங்கின சுந்தரர், கண் பார்வை போனப்போ திருவாரூர்ல சிவனை நேருக்கு நேர் ஏசிப் பாடினவர். அந்தப் பாட்டை இன்னைக்கும் தேவாரமா ஓதுறோம். திருவண்ணாமலையில மாட்டுப் பொங்கல் அன்னைக்குத் திருவூடல் நடக்குது. சுவாமிக்கும் அம்மனுக்கும் நடுத்தெருவுல சண்டை. அந்தத் தெருவுக்குப் பேரே திருவூடல் தெரு. ஸ்ரீரங்கத்துல பங்குனி உத்திரத்தன்னைக்கு, உறையூர் போயிட்டு வந்த நம்பெருமாளை உள்ள விடாம தாயார் கதவைச் சாத்திடுவாங்க. அந்த உற்சவத்துக்கு மட்டையடின்னு பேர். சாமி வெளிய நின்னு சமாதானம் சொல்றதை ஊரே பார்த்துச் சிரிக்குது. அதுக்கப்புறம் அதே சாமிக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுது.

மளிகைக்கடையில முருகன்

எங்க அப்பா கோட்டையூர்ல ஒரு சின்ன மளிகைக்கடை வச்சிருந்தார். ஒன்பதாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனா காளமேகப் புலவர் பாட்டு பத்துப் பன்னிரண்டு மனப்பாடம்.

காளமேகம் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். ஸ்ரீரங்கம் மடப்பள்ளியில வேலை பார்த்தவர், திருவானைக்கா அகிலாண்டேஸ்வரி அருளால கவி மழை பொழிய ஆரம்பிச்சார்னு கதை. திட்டுற மாதிரியே புகழ்றதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நிந்தாஸ்துதின்னும் வஞ்சப்புகழ்ச்சின்னும் சொல்லுவாங்க. பெருமாள் கருட வாகனத்துல வர்றதைப் பார்த்து, சும்மா இருந்த இடத்துல இருக்காம கிளம்பினதால பருந்து தூக்கிட்டுப் போகுதேன்னு பாடினவர்.

அப்பாவுக்குப் பிடிச்சது மளிகைக்கடை பாட்டு. அது சுவாமிமலை முருகனைப் பார்த்துப் பாடினது. அதுல முருகனை "செட்டியாரே"ன்னு கூப்பிடுவார் காளமேகம். மேலோட்டமா பார்த்தா கடைக்கு வந்து வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம்னு சரக்கு விசாரிக்கற மாதிரி இருக்கும். பிரிச்சுப் பார்த்தா விஷயமே வேற. வெங்காயம்னா வெம்மையான காயம், அதாவது இந்த உடம்பு. இது சுக்கா வத்திப் போச்சுன்னா, வெந்த அயம், அதாவது இரும்பைச் சுட்டுச் செய்யற செந்தூர மருந்து, என்ன பண்ணும்? சீரகம்னா சீரான அகம், நல்ல இடம். அதை மட்டும் நீ கொடுத்துட்டா, பெருங்காயம், அதாவது இந்தப் பெரிய உடம்புச் சுமை, இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

செட்டிநாட்டுல, ஒரு மளிகைக்கடையில, தராசுல சீரகம் நிறுத்துக்கிட்டே அப்பா இதைச் சொல்லுவார். வாங்க வந்தவங்க சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கும்போது அது மோட்சம் கேக்கற பாட்டுன்னு தெரிய வரும். "பாத்தியாடா, கடைக்காரனா ஆக்கித்தான் அவன்கிட்ட பெரிய சரக்கைக் கேக்கணும்"னு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

இன்னொரு பாட்டு இதைவிடக் கடுமை. முருகனோட குடும்பத்தையே இழுக்கும். அப்பா பிச்சை எடுத்துச் சாப்பிடறவர். அம்மா மலைக்காரி. மாமா வெண்ணெய் திருடினவர். அண்ணனுக்குப் பானை வயிறு. ஆறுமுகனுக்கு இதெல்லாம்தான் பெருமைன்னு முடிப்பார். கல்யாணத்துக்கு முன்னாடி வள்ளி வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டைப் பத்தி விசாரிச்சிருந்தா இப்படித்தான் தகவல் வந்திருக்கும்! ஆனா ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாருங்க. பிச்சை எடுக்கறவர் உலகத்துக்கே படியளக்கறவர். திருடின மாமா திருமால். பானை வயிறுக்காரர்கிட்ட சொல்லாம நாம ஒரு வேலையும் ஆரம்பிக்கறதில்ல.

சின்ன வயசுல அப்பாகிட்ட கேட்டிருக்கேன். "இப்படிச் சொன்னா முருகன் கோச்சுக்க மாட்டானாப்பா?"

"ஔவைப் பாட்டிகிட்ட சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு விளையாடினது யாரு? முதல்ல ஆரம்பிச்சது அவன்தான்டா."

ஜப்பான்ல தூங்கின சாமி

இங்க ஒரு சின்னப் பயணம். எங்க டீம் ஒரு ஜப்பான் வாடிக்கையாளருக்கு வேலை செய்யுது. புத்தாண்டு அன்னைக்கு அங்கிருந்து ஒருத்தர் வாழ்த்து அனுப்பினார். ஒரு பழைய படம். கப்பல்ல ஏழு பேர். ஒருத்தர் குண்டா, ஒருத்தர் தாடியோட, ஒருத்தருக்குத் தலை மட்டும் சுரைக்காய் மாதிரி நீளம். எல்லாரும் சிரிக்கறாங்க. "இதுல மூணு பேர் உங்க ஊர்க்காரங்க"ன்னு எழுதியிருந்தார்.

தேடிப் பார்த்தேன். அவங்கதான் ஜப்பான்ல அதிர்ஷ்டம் தர்ற ஏழு தெய்வங்கள். அதுல பென்சைடென் நம்ம சரஸ்வதி, கையில வீணைக்குப் பதிலா அவங்க ஊர் வாத்தியம். பிஷாமொன்டென் நம்ம குபேரன். டைகொகுடென் யாருன்னு பார்த்தா மகாகாளன்! இங்க பயங்கரமான ருத்ர வடிவம். அங்க போய், அரிசி மூட்டை மேல உக்காந்து, கையில சுத்தியலோட, பக்கத்துல எலியோட சிரிக்கற குண்டுச் சாமியா ஆயிட்டார். ஹொடெய்ங்கறவர் சீனாவுல இருந்து போன தொந்தி துறவி. மீன் பிடிக்கற எபிசு மட்டும்தான் ஜப்பானோட சொந்தச் சாமி.

நம்ம முருகனும் ஜப்பான் போயிருக்கான். இந்த ஏழு பேர்ல இல்ல, தனியா. ஸ்கந்தன்ங்கற பேர் சீன எழுத்துல மாறி மாறி எழுதப்பட்டு, ஜப்பான்ல இதாதென் ஆச்சுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. அங்க ஜென் மடங்கள்ல சமையல்கட்டுக்குக் காவல் அவர்தான். வேகமா ஓடறவங்களை அங்க இன்னைக்கும் இதாதென்னு சொல்லுவாங்க. அவ்வளவு வேகமா ஓடறவன்தான் நம்ம ஊர்ல மாம்பழப் போட்டியில தோத்து, கோச்சுக்கிட்டுப் பழனி மலை ஏறினான். இதைவிட நல்ல நகைச்சுவை எங்க இருக்கு? அந்தக் கோபத்துலதானே நமக்குப் பழனி கிடைச்சது!

இந்த ஏழு தெய்வங்களையும் மரக்கட்டையில செதுக்கி, மை தடவி, தாள்ல அச்சடிச்சு, சாதாரண மக்கள் வாங்கற விலையில வித்தாங்க. நம்ம சிவகாசி காலண்டர் மாதிரி நினைச்சுக்கோங்க. கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச சாமி படம் எப்படி வீட்டுக்கு வீடு போச்சோ அப்படி. புதுவருஷத்துல அந்தக் கப்பல் படத்தைத் தலையணைக்கு அடியில வச்சுத் தூங்குவாங்க, நல்ல கனவு வரணும்னு. அதே ஜனங்கதான் அந்தச் சாமிகளை வச்சு விளையாடவும் செஞ்சாங்க. நீளத் தலைக்காரர் ஃபுகுரொகுஜுவுக்கு முடி வெட்டணும்னா எப்படி? அவர் தலையில ஏணி சாத்தி, டைகொகு அதுல ஏறி நின்னு சவரம் பண்றார்! ஒட்சுங்கற ஊர்ல வழிப்போக்கர்களுக்கு வித்த நாட்டுப்புறப் படங்கள்ல இது ரொம்பப் பிரபலம்.

ஆனா என்னை நிறுத்தினது வேற படம்.

1855 நவம்பர் 11 ராத்திரி, இன்னைக்கு டோக்கியோவா இருக்கற எடோ நகரத்துல பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கானவங்க செத்துப் போனாங்க. பூமிக்கு அடியில ஒரு பெரிய கெளுத்தி மீன் இருக்கு, அது புரண்டாதான் நிலம் ஆடும், காஷிமா தெய்வம் அதை ஒரு கல்லால அழுத்திப் பிடிச்சிருக்குன்னு அவங்க நம்பிக்கை. ஆனா பூகம்பம் வந்தது அவங்க பழைய நாள்காட்டியில பத்தாம் மாசம். அந்த மாசம் எல்லாச் சாமிகளும் இசுமோங்கற ஊருக்குக் கூட்டத்துக்குப் போயிடுவாங்களாம். காவலுக்கு எபிசுவை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க.

பூகம்பம் முடிஞ்ச சில நாள்லயே அச்சுப் படங்கள் தெருவுல விக்க ஆரம்பிச்சிருச்சு. அரசாங்க அனுமதி கூட வாங்காம அச்சடிச்ச படங்கள். அதுல ஒரு வகைப் படத்துல எபிசு என்ன பண்றார் தெரியுமா? காவல் வேலையில தூங்கிட்டார். அவர் தூங்கின நேரம் பார்த்து மீன் புரண்டிருச்சு.

வீடு இடிஞ்சு, சொந்தம் செத்து, தெருவுல நிக்கற ஜனம் இதை வாங்கியிருக்கு. சிரிச்சிருக்கு. எபிசுவைக் கும்பிடறதை யாரும் விடல. எபிசுவுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு ஒரு நம்பிக்கை உண்டு. அதனால ஒசாகாவுல இருக்கற இமாமியா எபிசு கோயில்ல, சாமி கும்பிட்டுட்டுப் பின்பக்கம் போயும் தட்டிச் சத்தம் போட்டு வேண்டிக்குவாங்க. நாம சண்டிகேஸ்வரர் முன்னாடி கை தட்டுற மாதிரி.

தூங்கின சாமி. காது கேக்காத சாமி. இதைப் படிச்சப்போ எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்திருச்சு.

பன்னிரண்டு காது

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு. மதுரையில ஆஸ்பத்திரியில பதினோரு நாள் இருந்தார். அப்பத்தா கோட்டையூர் வீட்ல, காலண்டர்ல இருக்கற முருகன் முன்னாடி உக்காந்துட்டாங்க. அழுகை வேண்டுதல் எல்லாம் முதல் ரெண்டு நாள்தான். அப்புறம் சண்டை.

"ஏன்டா, ஆறு தலை வச்சிருக்க. பன்னிரண்டு காது இருக்கு. ஒரு காதுல கூடவா நான் கத்துறது விழல? மத்த பதினொண்ணை எதுக்கு வச்சிருக்க, கடுக்கன் மாட்டவா?"

நான் பக்கத்துல இருந்தேன். அந்த நிலைமையிலயும் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அப்பத்தாவும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

பதினோராவது நாள் அப்பா போயிட்டார்.

காரியம் எல்லாம் முடிஞ்சு, முப்பதும் கழிஞ்ச பிறகு ஒரு கிருத்திகை வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாதுன்னு எங்க பக்கம் வழக்கம். அதனால குன்றக்குடி போக முடியாது. அப்பத்தா விளக்கைத் துடைச்சாங்க, திரி போட்டாங்க, அந்தக் காலண்டர் முருகன் முன்னாடி ஏத்தினாங்க. எனக்குக் கோபம். இத்தனைக்கு அப்புறமும் எதுக்கு விளக்குன்னு மனசுக்குள்ள ஓடுது.

அப்பத்தா கை கூப்பி நின்னு, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரி பேசினாங்க.

"சரி. நீ தூங்கிட்ட. போகட்டும். இனிமேலாவது முழிச்சிரு. பேரன் இருக்கான்."

ஜப்பான் பூகம்பப் படம்லாம் அப்பத்தாவுக்குத் தெரியாது. கோட்டையூர், குன்றக்குடி, பழனி. இதுதான் அவங்க உலகம். ஆனா எடோ நகரத்துத் தெருவுல இடிபாட்டுக்கு நடுவுல நின்னு எபிசு படம் வாங்கினவனுக்கும், இவங்களுக்கும் ஒரே மனசு.

நான் அப்போ புரிஞ்சுக்காத ஒண்ணு இப்போ புரியுது. முருகன் மேல நம்பிக்கை போயிருந்தா அப்பத்தா பேசியே இருக்க மாட்டாங்க. படத்தைத் திருப்பி வச்சிருப்பாங்க, இல்லேன்னா பயந்து இன்னும் நாலு வேண்டுதல் வச்சிருப்பாங்க. ரெண்டும் செய்யல. நீ செஞ்சது சரியில்லன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அழுகையால சொல்ல முடியாததைக் கேலியால சொன்னாங்க. சொல்லிட்டு உறவை முறிக்கல, விளக்கு ஏத்தினாங்க. அந்தக் கேலி இல்லேன்னா அந்த விளக்கும் எரிஞ்சிருக்காதுன்னு நான் நினைக்கறேன்.

பெரியப்பா கேட்ட கேள்வி

இப்போ ஸ்டிக்கருக்கு வர்றேன்.

காளமேகம் முருகனைப் பார்த்து "செட்டியாரே"ன்னார். அப்பத்தா முருகனைப் பார்த்து "ஏன்டா"ன்னாங்க. நான் முதல்ல எழுதின வரியிலயும் "முருகா"ன்னு ஒரு விளி இருந்துச்சு. வேலை முடியாத ஒருத்தன் அவன்கிட்ட புலம்பறது அது.

யாரோ மாத்தின வரியில அந்த "முருகா" இல்ல. அது முருகன்கிட்ட பேசல. முருகன் படத்தை ஒரு பலகையா நிறுத்தி வச்சுட்டு, வெறுங்காலோட நடக்கற ஒரு ஏழைப் பாட்டியைக் காட்டி, நடக்காதவங்ககிட்ட சிரிப்பு வாங்குது. முருகனால கேலியைத் தாங்க முடியும். தன்னை எதிர்த்துப் போர் செஞ்ச சூரனையே மயிலாவும் சேவலாவும் தன் பக்கத்துல வச்சுக்கிட்டவன் அவன். ஒரு ஸ்டிக்கர் அவனை என்ன பண்ணும்? ஆனா அந்தப் பாட்டி? அந்தப் படம் என்னைக்காவது ஒருநாள் பேரன் போன்ல அவங்க கண்ணுல பட்டா?

அதனால "சாமியைக் கேலி பண்ணலாமா கூடாதா"ங்கற கேள்வியே பாதிதான்னு எனக்குத் தோணுது. கேலி யாரைப் பார்த்துப் போகுது, அது யார் மேல போய் விழுதுங்கறது மீதிப் பாதி. முருகன்கிட்ட சொல்ற கேலி ஒண்ணு. முருகனை வச்சு அடுத்தவங்களைச் சொல்ற கேலி இன்னொண்ணு. முதல்ல உள்ளது உறவு. ரெண்டாவதுல முருகனே இல்ல.

நீங்க ஒரு நியாயமான கேள்வி கேக்கலாம். "நீ நல்ல எண்ணத்தோடதானே போட்ட? மாத்தினவன் செஞ்ச தப்புக்கு நீ எப்படிப் பொறுப்பு?" நானும் பெரியப்பாகிட்ட அதைத்தான் சொல்ல நினைச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அப்பத்தா சொன்னது அந்த வீட்டுக்குள்ள, அந்த விளக்கு முன்னாடி. அந்த வார்த்தை பின்னாடி பதினோரு நாள் தூக்கமில்லாத ஒரு தாய் இருந்தாங்க. என் ஸ்டிக்கர் பின்னாடி நான் இல்ல. மூணாவது ஃபார்வர்டுலயே நான் காணாம போயிட்டேன். யார் சொன்னது, எதுக்குச் சொன்னது, சொன்னவன் விளக்கு ஏத்துறவனா இல்லையான்னு அந்தப் படத்தைப் பார்த்து யாரும் தெரிஞ்சுக்க முடியாது. கோடு எழுதறவனுக்கு இது தெரியணும். நான் விட்டது ஒரு படம், யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதிக்கற மாதிரி. தப்பு முழுசா என்னோடது இல்ல. ஆனா எனக்கு அதுல பங்கே இல்லன்னும் சொல்ல முடியல.

இன்னொரு பக்கமும் சொல்லணும். முருகனுக்காகக் கோபப்படறோம்னு சொல்லிட்டு, யாரோ ஒரு பையன் போட்ட மீமுக்கு அவன் வீட்டுப் பொம்பளைங்களைத் திட்டுறவங்களையும் நம்ம குரூப்கள்லயே பார்த்திருக்கேன். அவங்களுக்கும் இதே கேள்விதான். அந்த வசவு யாரைப் பார்த்துப் போகுது? அதை முருகன் முன்னாடி நின்னு, அவன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை வாசிக்க முடியுமா? முடியாதுன்னா அது முருகனுக்காக வந்த கோபம் இல்ல. நம்ம கோபத்துக்கு நாம மாட்டி விட்ட காவி.

எங்க கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர் இருந்தார். புத்தகம் மட்டும் இல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு மத்தவங்க தூக்கிப் போடறதையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வச்சவர். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரிப்புதான் 1994-ல் சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. அந்தக் காலத்து ஜனங்க எப்படிச் சிரிச்சாங்க, எதைக் கும்பிட்டாங்கன்னு இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்க அதுல தேடறாங்க. எனக்கு ஒரு நினைப்பு. ஐம்பது வருஷம் கழிச்சு யாராவது நம்ம ஸ்டிக்கரையும் மீமையும் இப்படிச் சேர்த்து வச்சுப் பார்த்தா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? முருகன்கிட்ட உரிமையா விளையாடின ஜனம்னா, இல்ல முருகன் பேரைச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கிட்ட ஜனம்னா?

மலை மேல

தைப்பூசம் முடிஞ்சு ஊருக்குப் போனப்போ, பெரியப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெருசா எடுத்துக்கல. "காபி குடிப்பா"ன்னார். அப்புறம் ஸ்டிக்கர் போட்ட குரூப்கள்ல நடந்ததைச் சொல்லி, மாத்தின படம் யார்கிட்ட வந்தாலும் அனுப்பாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். எத்தனை பேர் கேட்டாங்கன்னு தெரியாது. போனது போனதுதான்.

மறுநாள் அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டுக் குன்றக்குடி போனேன். இப்போ அவங்களால படி ஏற முடியல. "நீ போய்ட்டு வா ராசா, நான் கீழ இருந்தே பேசிக்கறேன்"னாங்க.

மேல போய் சண்முகநாதர் முன்னாடி நின்னேன். ஆறு முகம், பன்னிரண்டு கை. மனசுக்குள்ள என் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தேன். "பன்னிரண்டு கை இருந்தும் ஸ்பிரிண்ட் முடியலையே முருகா." சொல்ல முடிஞ்சுது. கொஞ்சம் சிரிப்பு கூட வந்துச்சு.

ரெண்டாவது வரியைச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல வாய் வரல. அந்த வரியில இருக்கற பாட்டி கீழ அடிவாரத்துல உக்காந்திருக்காங்க.

இனிமே எதை வரைஞ்சாலும், எதை அனுப்பினாலும் எனக்கு இதுதான் கணக்கு. அவன் முன்னாடி நின்னு சொல்ல முடியுமா? முடிஞ்சா அது பக்தி, எவ்வளவு சிரிப்பா இருந்தாலும் சரி. முடியலேன்னா, அதுல எத்தனை வேல் படம் போட்டிருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

கீழ இறங்கி வந்தப்போ அப்பத்தா கேட்டாங்க. "என்ன சொன்னான் உன் முருகன்?"

"ஒண்ணும் சொல்லல அப்பத்தா."

"காது மந்தம். நீ அடுத்த வாட்டி சத்தமா சொல்லு."

வேலும் மயிலும் துணை.
அரோகரா! 🦚